சிஆர்பி ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் சிபிசி, டெங்கு, யூரின் இவற்றோடு சிஆர்பி என்றும் இருக்கிறது. மாலையில் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வருகிறது. சிஆர்பி வரியில் 48 என்று தடித்த எழுத்து, பக்கத்தில் ஒரு 'ஹெச்'. அந்த எழுத்துக்கு 'இயல்பைவிட அதிகம்' என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. ஏன் அதிகம், எவ்வளவு கவலைப்பட வேண்டும், மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் வேறு சில விவரங்களோடு சேர்த்துத்தான் படிக்க முடியும். அதற்கான வரிசை இது.

எதை அளக்கிறார்கள்

சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்பது கல்லீரல் செய்யும் ஒரு புரதம். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். நிமோனியா கிருமியின் செல்சுவரிலுள்ள 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு வினைபுரிந்ததால் இந்தப் பெயர் வந்தது. வைட்டமின் சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரத்தம் உறைதலோடு தொடர்புள்ள 'புரோட்டீன் சி' என்ற டெஸ்ட்டும் வேறு. டெஸ்ட் பெயரைப் போனில் சொல்லிப் பதிவு செய்யும்போது இந்தக் குழப்பம் வரலாம், சீட்டையே காட்டிவிடுவது நல்லது.

உடலில் எங்காவது கிருமி புகுந்தாலோ, தசை நசுங்கினாலோ, மூட்டு வீங்கினாலோ அங்கிருந்து இன்டர்லூக்கின்-6 போன்ற செய்திப் பொருட்கள் கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் சிஆர்பி உற்பத்தியை ஏற்றும். ஊரில் ஏதோ நடந்துவிட்டது என்று தண்டோரா போடுபவரைப் போன்றது இது. எந்தத் தெரு, யார் வீடு என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆகவே சிஆர்பி ஏறியிருந்தால் நோயின் பெயர் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை. நாளின் எந்த நேரத்திலும் ரத்தம் கொடுக்கலாம். சர்க்கரையோ கொழுப்போ சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் அவற்றுக்காகத்தான் பட்டினி இருக்கச் சொல்வார்கள். இன்னொரு விஷயம்: ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டாலும் சிஆர்பி பார்க்கலாம். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் அப்படியில்லை, முதல் டோஸுக்கு முன்பே அதற்கு ரத்தம் எடுத்துவிட வேண்டும். இரண்டும் எழுதப்பட்டிருந்தால் ஊசி போடுவதற்கு முன் ஒரே தடவையாக எடுத்துவிடச் சொல்லுங்கள்.

முதல் வேலை: அலகைப் பார்ப்பது

எண்ணைப் பார்ப்பதற்கு முன் அதற்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். எம்ஜி/எல் என்றால் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். எம்ஜி/டிஎல் என்றால் ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது நூறு மில்லிக்கு, இத்தனை மில்லிகிராம். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். 4.8 எம்ஜி/டிஎல் என்பதும் 48 எம்ஜி/எல் என்பதும் ஒன்றே. சில ரிப்போர்ட்டுகளில் மைக்ரோகிராம்/எம்எல் என்று போட்டிருக்கும். அது எம்ஜி/எல்லுக்குச் சமம், எதுவும் மாற்ற வேண்டாம்.

இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் வீட்டில் நடக்கும் பாதிக் குழப்பம் இங்கேதான். திங்கட்கிழமை ஒரு லேபில் 60, புதன்கிழமை வேறொரு லேபில் 5.2 என்று வந்தால் நோய் விட்டுவிட்டது என்று குடும்பமே நிம்மதியாகும். இரண்டாவது எம்ஜி/டிஎல்லில் இருந்தால் அது 52. பெரிதாக ஒன்றும் குறையவில்லை.

இந்தக் கட்டுரையில் இனி வரும் எண்கள் எல்லாம் எம்ஜி/எல்லில்தான். உங்கள் ரிப்போர்ட் எம்ஜி/டிஎல்லில் இருந்தால் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான லேப்கள் 5 வரை அல்லது 10 வரை இயல்பு என்று வைத்திருக்கின்றன. சில இடங்களில் 6. அந்த லேப் அச்சடித்திருக்கும் எல்லையை வைத்தே ஒப்பிடுங்கள். எல்லை 5, உங்களுக்கு 6.3 என்றால் அதில் பொருள் தேட வேண்டாம். உடல் பருமன், புகைப்பழக்கம், ஈறு வீக்கம், வயது, கர்ப்பம், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகிய எல்லாமே எண்ணைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கும்.

எந்த முறையில் பார்த்தார்கள்

சிறிய லேப்களில் இன்றும் லேடெக்ஸ் ஸ்லைடு முறை உண்டு. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு லேடெக்ஸ் கரைசல். கலந்து, தகட்டை இரண்டு நிமிடம் ஆட்டிப் பார்ப்பார்கள். திரிதிரியாகச் சேர்ந்தால் பாசிட்டிவ். வழக்கமான கிட்களில் ஏறத்தாழ 6 எம்ஜி/எல்லுக்கு மேல் இருந்தால்தான் திரிதிரியாகும். அளவு வேண்டுமென்றால் சீரத்தை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்க்கச் செய்து, கடைசியாக எதுவரை திரிகிறதோ அதை 6ஆல் பெருக்குவார்கள்.

அதனால் இந்த முறையில் 6, 12, 24, 48, 96 என்ற படிகளில் மட்டுமே விடை வரும். எம்ஜி/டிஎல்லில் 0.6, 1.2, 2.4, 4.8. உங்கள் ரிப்போர்ட்டில் சரியாக இந்த எண்களில் ஒன்று இருந்தால் அது ஸ்லைடு முறையாக இருக்க வாய்ப்பு அதிகம். நேற்று 1.2, இன்று 2.4 என்றால் இரண்டு மடங்காகிவிட்டது என்று பதற வேண்டாம். ஒரு படி முன்னே பின்னே போவது இந்த முறையிலேயே உள்ள பிழைக்குள் அடங்கும். இரண்டு படி நகர்ந்தால்தான் கணக்கில் எடுக்கலாம்.

இதில் தவறு நேரும் இடங்கள் மூன்று. இரண்டு நிமிடத்துக்கு மேல் விட்டால் ஓரம் காய்ந்து, திரிந்ததுபோலத் தோன்றிப் பொய்யான பாசிட்டிவ் வரும். ரூமட்டாய்டு ஃபாக்டர் (மூட்டுவாதக்காரர்களிடம் அடிக்கடி காணப்படும் ஓர் எதிர்ப்பொருள்) மிக அதிகமாக உள்ளவர்களின் சீரமும் சிஆர்பி இல்லாமலேயே திரியலாம். மூன்றாவதுதான் ஆபத்தானது: சிஆர்பி எக்கச்சக்கமாக இருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள இடமில்லாமல் போய், நெகட்டிவ் என்று வந்துவிடும். புரோசோன் என்பார்கள். ஆள் படுத்த படுக்கையாக இருக்கிறார், ஸ்லைடில் நெகட்டிவ் என்றால் சீரத்தை நீர்க்கச் செய்து திரும்பப் பார்த்தீர்களா என்று லேபில் கேட்பது நியாயமான கேள்வி.

பெரிய லேப்களில் இம்யூனோடர்பிடிமெட்ரி, நெஃபலோமெட்ரி என்ற கருவி முறைகள் உண்டு. கலங்கலின் அளவை ஒளியால் அளந்து 37.4 என்பதுபோலத் துல்லியமான எண்ணைத் தரும். ஒரு நோயைத் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருந்தால் இந்த முறைதான் பயன்படும். முதல் டெஸ்ட்டை எங்கே எடுத்தீர்களோ அடுத்ததையும் அங்கேயே எடுங்கள்.

ரத்தம் எடுத்தது எத்தனையாவது மணியில்?

பலரும் விட்டுவிடும் கேள்வி இது. கிருமி தாக்கியவுடன் சிஆர்பி ஏறிவிடாது. 6 முதல் 12 மணி நேரத்தில் ஏறத் தொடங்கும், உச்சத்தைத் தொட ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். அதிகாலை நான்கு மணிக்குக் குளிர்காய்ச்சல் ஆரம்பித்தவருக்குக் காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் 4 என்று வரலாம். அதே ஆளுக்கு மறுநாள் 80 வரலாம். லேப் தப்பு செய்யவில்லை, கல்லீரலுக்கு அவகாசம் போதவில்லை, அவ்வளவுதான். ஆகவே ரிப்போர்ட்டின் மூலையில் பேனாவால் 'காய்ச்சல் தொடங்கி இத்தனை மணி நேரம்' என்று எழுதி வையுங்கள். டாக்டருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

பச்சிளம் குழந்தைகளிலும் இதுதான் சிக்கல். பிறந்தவுடன் எடுத்த ஒற்றை சிஆர்பியை நம்ப முடியாது. பிரசவத்தின் அழுத்தமே அதை ஏற்றும், தொற்று இருந்தும் இன்னும் ஏறாமல் இருக்கலாம். அதனால்தான் வார்டில் ஒன்றிரண்டு நாளுக்குள் மறுபடி குதிகாலில் குத்துகிறார்கள்.

எண் எவ்வளவு பெரிது

10க்குக் கீழே என்றால் பெரிய அழற்சி இப்போதைக்குத் தெரியவில்லை. 10 முதல் 40 வரை வைரஸ் காய்ச்சல், சளி, சிறு காயம், பல் தொந்தரவு, அடங்கியிருக்கும் மூட்டுவாதம் என எதுவாகவும் இருக்கலாம். 40ஐத் தாண்டினால் பாக்டீரியாவின் மேல் சந்தேகம் கூடும். 100க்கு மேல் போனால் நிமோனியா, சிறுநீரகத் தொற்று, சீழ்க்கட்டி, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் போன்றவற்றைத் தேடத் தொடங்குவார்கள். 200க்கு மேல் பெரும்பாலும் கடுமையான பாக்டீரியா தொற்று, பெரிய தீக்காயம், பெரிய அறுவை சிகிச்சை.

இந்த எல்லைகள் மண்ணில் கிழித்த கோடுதான், சுவர் அல்ல. அடினோ வைரஸ் தாக்கிய குழந்தைக்குப் பாக்டீரியா தொற்றைப்போல எண் எகிறும். மறுபக்கம், சிறுநீர்ப்பையோடு நிற்கும் சாதாரண நீர்க்கடுப்பில் பாக்டீரியா இருந்தும் சிஆர்பி அசையாமல் இருக்கலாம். தொற்றே இல்லாமலும் ஏறும்: மாரடைப்பு, கணைய அழற்சி, கவுட், ரத்தக்குழாய் அழற்சி, சில புற்றுநோய்கள். கணைய அழற்சியில் 48 மணி நேரத்தில் 150ஐத் தாண்டினால் நோய் கடுமையாகப் போகலாம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

எண்ணை வைத்து மருந்தை முடிவு செய்வதற்கு ஓர் உதாரணம் பிரிட்டனில் உண்டு. அங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014இல் தந்த வழிகாட்டுதலில், நெஞ்சுச்சளியோடு வந்து நிமோனியாவா என்று தெளிவாகாத நோயாளிக்கு சிஆர்பி 20க்குக் கீழே என்றால் ஆன்டிபயாடிக் வழக்கமாகத் தர வேண்டாம், 20 முதல் 100 என்றால் சீட்டு எழுதிக் கொடுத்து நிலைமை மோசமானால் மட்டும் வாங்கச் சொல்லலாம், 100க்கு மேல் என்றால் தரலாம் என்று சொன்னார்கள். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்த பிறகு பயன்படுத்த வேண்டிய அளவுகோல் அது. மெடிக்கல் ஷாப்பில் ரிப்போர்ட்டைக் காட்டி அசித்ரோமைசின் வாங்குவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல.

இரண்டாவது எண்தான் அதிகம் பேசும்

ரத்தத்தில் உள்ள சிஆர்பி பாதியாகக் கரைய ஏறத்தாழ 19 மணி நேரம் ஆகும். எந்த நோயிலும் இந்தக் கரையும் வேகம் பெரிதாக மாறாது. அதாவது எண்ணைத் தீர்மானிப்பது உற்பத்தி மட்டுமே. உற்பத்தி சுத்தமாக நின்றுவிட்டால் 160 என்பது 19 மணியில் 80, 38 மணியில் 40 ஆக வேண்டும். நிஜத்தில் கல்லீரல் ஒரேயடியாக நிறுத்தாது, ஆகையால் இறக்கம் இதைவிட மெதுவாகவே இருக்கும்.

ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் மாலை 92, அன்றே ஆன்டிபயாடிக் தொடங்கியது. புதன் காலை 118. மருந்து கேட்கவில்லை என்று இதைச் சொல்ல முடியாது, செவ்வாயன்று கிளம்பிய செய்திக்கான உற்பத்தி இன்னும் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வெள்ளி 58, ஞாயிறு 20 என்று இறங்கினால் மருந்து வேலை செய்கிறது. அதற்குப் பதில் வெள்ளிக்கிழமையும் 115இல் நின்றால்தான் கேள்விகள் எழும்: கிருமிக்குப் பொருந்தாத மருந்தா, எங்காவது சீழ் தேங்கி நிற்கிறதா, நோயே வேறா? நிமோனியாவில் நான்காம் நாளுக்குள் பாதியாகக் கூட இறங்கவில்லை என்றால் சிக்கல் வர வாய்ப்பு அதிகம் என்பது பிரிட்டிஷ் நெஞ்சகச் சங்கத்தின் வழிகாட்டுதலிலேயே உள்ளது.

எனவே தினமும் குத்திப் பார்ப்பதில் வார்டுக்கு வெளியே பலனில்லை. 48 முதல் 72 மணி நேர இடைவெளி போதும். காய்ச்சல் நின்று, பசி எடுத்து, ஆள் எழுந்து நடமாடினால் எண் 5க்கு வரும் வரை துரத்த வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. பாராசிட்டமால் உடல் சூட்டை இறக்கும், ஆனால் சிஆர்பியை அப்படி இறக்காது. மாத்திரை போட்டதும் ஜுரம் விட்டுவிட்டது, எண் ஏன் இறங்கவில்லை என்பதற்கு விடை அதுதான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இதே வளைகோடு. கத்தி பட்ட காயத்துக்கே இரண்டாம் மூன்றாம் நாளில் எண் உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்க வேண்டும். இறங்கிக்கொண்டிருந்தது திரும்ப ஏறினால் சர்ஜன் உள்ளே தொற்றைத் தேடுவார். மூட்டு மாற்று அறுவைக்குப் பின் பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும்.

குறைந்த எண் ஏமாற்றும் இடங்கள்

டெங்குதான் முதலில் நினைவில் இருக்க வேண்டியது. டெங்குவில் சிஆர்பி பெரும்பாலும் கொஞ்சமாகவே ஏறும். 'சிஆர்பி 9தான், பயமில்லை' என்று இருந்துவிடக் கூடாது. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் தணியும் நேரத்தில், ஏறக்குறைய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வரும். அப்போது பார்க்க வேண்டியவை பிளேட்லெட், பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), வயிற்றுவலி, விடாத வாந்தி, சிறுநீர் போகும் அளவு.

கல்லீரல் மிகவும் கெட்டுப்போனவருக்குத் தொற்று இருந்தாலும் எண் ஏறாது, செய்யும் ஆலையே பழுது. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் எண் அமுங்கி வரும். டோசிலிசுமாப் ஊசி போட்டவர்களின் கதை இன்னும் தீவிரம்: அது இன்டர்லூக்கின்-6இன் செய்தியையே தடுப்பதால், கடும் தொற்றிலும் சிஆர்பி ஒன்றிரண்டில் கிடக்கும். மூட்டுவாதத்துக்கு இந்த ஊசி போடுகிறவர்கள் காய்ச்சல் என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிட வேண்டும்.

உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயில் வேறு விசித்திரம். நோய் கிளர்ந்து இஎஸ்ஆர் (சிவப்பணுக்கள் படியும் வேகத்தை வைத்து அழற்சியைப் பார்க்கும் இன்னொரு டெஸ்ட்) உயர்ந்திருந்தாலும் சிஆர்பி இயல்பாகவே இருப்பது உண்டு. அதனாலேயே லூபஸ் உள்ளவருக்கு சிஆர்பி திடீரென உயர்ந்தால் தொற்றா என்று முதலில் பார்ப்பார்கள்.

எண் என்னவாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாத நிலைகள் சில: மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, கழுத்து விறைப்பு, சிறுநீர் நின்றுபோதல், கை கால் சில்லிட்டு மயக்கம், மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல். இவற்றில் ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் இருக்காதீர்கள்.

இஎஸ்ஆரும் சிஆர்பியும் ஒத்துப்போகாதபோது

இஎஸ்ஆர் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ரத்தசோகை, கர்ப்பம், வயது எல்லாம் அதைத் தனியே உயர்த்திவிடும். சிஆர்பி 4, இஎஸ்ஆர் 60 என்றால் நோய் முடிந்து பழைய சுவடு நிற்கிறதா, ஹீமோகுளோபின் குறைவா என்று பாருங்கள். சிஆர்பி 70, இஎஸ்ஆர் 15 என்றால் பிரச்சினை புதிது, நேற்று முன்தினம் தொடங்கியதாக இருக்கலாம்.

மூட்டுவலிக்கு ஆர்ஏ (ரூமட்டாய்டு ஃபாக்டர்), ஏஎஸ்ஓ (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தாக்கியதன் சுவடு), சிஆர்பி மூன்றையும் சேர்த்து எழுதுவது வழக்கம். சிஆர்பி மட்டும் உயர்ந்திருந்தால் ரூமட்டாய்டு என்று பெயர் வைக்க முடியாது, சிக்குன்குனியாவுக்குப் பிறகும் அப்படி இருக்கும். எத்தனை மூட்டு, எந்த மூட்டு, எத்தனை வாரம் என்பவைதான் அங்கே எடைபோடும் விவரங்கள்.

ஹெச்எஸ் சிஆர்பி என்று இருந்தால்

மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜில் வருவது பெரும்பாலும் இது. அளக்கும் புரதம் அதேதான், மிகச் சிறிய அளவையும் பிரித்துக் காட்டும் நுட்பமான முறை என்பது மட்டுமே வித்தியாசம். நோக்கமும் வேறு: இதயத்தின் எதிர்கால அபாயத்தை மதிப்பிடுவது. 1க்குக் கீழே குறைவு, 1 முதல் 3 நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்று அமெரிக்க இதயச் சங்கமும் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசியும் 2003இல் வகுத்த பிரிவு இன்றும் ரிப்போர்ட்டின் அடியில் அச்சாகிறது. கொழுப்பு மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று இரண்டு மனமாக இருக்கும் இடத்தில் 2க்கு மேல் இருப்பதை ஒரு கூடுதல் காரணமாக டாக்டர்கள் எடுத்துக்கொள்வதுண்டு.

இதை உடம்பு நன்றாக இருக்கும் நாளில் மட்டுமே எடுக்க வேண்டும். காய்ச்சல், சளி, பல் பிடுங்கியது, தடுப்பூசி, மாரத்தான் ஓட்டம் எதுவாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்ப்பதே முறை. 10க்கு மேல் வந்துவிட்டால் அந்த எண்ணை இதயக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஹெச்எஸ் சிஆர்பி 42, 'ஹை ரிஸ்க்' என்று சிவப்பில் வந்ததைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. போன வாரத்துத் தொண்டைவலியோ, வெளியே தெரியாத வேறு அழற்சியோதான் அந்த 42இல் பேசுகிறது. அது எங்கே என்று டாக்டரிடம் காட்டித் தேடிவிட்டு, அடங்கிய பிறகு மறுபடி எடுங்கள்.

சிஆர்பி குறைய என்ன சாப்பிடலாம் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. காய்ச்சலில் ஏறிய 120ஐ இறக்க உணவு எதுவும் கிடையாது, அடியிலுள்ள நோய் தீர்ந்தால் தானே இறங்கும். மஞ்சள் பால் குடிப்பதில் தப்பில்லை, அதை நம்பி டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுவதுதான் தப்பு. ஹெச்எஸ் சிஆர்பி மாதக்கணக்கில் 3, 4 என்று நிற்பவர்களுக்கு இடுப்புச் சுற்றளவைக் குறைப்பதும், சிகரெட்டை விடுவதும் பலன் தரும். ஈறில் ரத்தம் கசிகிறதென்றால், அடுத்த டெஸ்ட்டுக்கு முன் ஒருமுறை பல் டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.